பாடிய சிலையும் பசித்த கைகளும்

கல் பாடிற்று என்றனர். கேட்டவர் கைகூப்பினர். தொலைதூரத்து நாடுகளிலிருந்தெல்லாம் வந்தனர். இருள் பிரியுமுன் காத்து நின்றனர். கதிரவன் எழும் வேளையில் கல்லிலிருந்து எழுந்த ஓர் ஒலியைக் கேட்டு மெய்சிலிர்த்து மீண்டனர். மன்னாதி மன்னன், உரோமப் பேரரசன் ஹாட்ரியனே கி.பி. 130இல் அங்கு வந்து நின்றான் என்றால், மற்றவரைப் பற்றிக் கூறவா வேண்டும்?

நைல் ஆற்றின் மேற்குக் கரையில், இன்றைய லக்சர் நகருக்கு எதிர்ப்புறத்தில், அச்சிலைகள் இரண்டும் இன்றும் அமர்ந்திருக்கின்றன. கி.மு. 14ஆம் நூற்றாண்டில் ஆண்ட மூன்றாம் ஆமன்ஹோத்தெப் என்னும் மன்னனின் உருவங்கள் அவை. கி.மு. 27இல் நேர்ந்த நிலநடுக்கத்தில் வடபுறத்துச் சிலை பிளந்தது. பிளந்த கல் விடியற்காலையில் ஒலித்தது. விடியல் தேவியின் மகன் மெம்னான் தன் தாயை வாழ்த்துகிறான் என்று கிரேக்கர் கதை கட்டினர். கேட்டவர் நூற்றுக்கு மேற்பட்டோர் தம் வியப்பைச் சிலையின் கால்களிலேயே செதுக்கிச் சென்றனர்.

ஒருவர் மட்டும் ஐயுற்றார். ஸ்ட்ராபோ என்னும் நிலநூல் அறிஞர். ஒலியை அவரும் கேட்டார். ஆயினும், பீடத்திலிருந்து வந்ததா, சிலையிலிருந்து வந்ததா, சுற்றி நின்றோர் எவரேனும் எழுப்பியதா என்று தம்மால் உறுதியாகக் கூறமுடியவில்லை என்றும், கல் தானே ஒலித்தது என்பதைவிட வேறு எந்தக் காரணத்தையும் நம்பத் தாம் அணியமாயிருப்பதாகவும் எழுதிவைத்தார். பின்னாளில், உடைந்த மேற்பகுதியைக் கற்களை அடுக்கிச் செப்பனிட்டனர். பாட்டு நின்றது! இரவின் ஈரம் வெடிப்பில் தங்கி, காலை வெப்பத்தில் வெளியேறியபோது எழுந்த ஒலியே அது என்பது ஆய்வாளர் தரும் விளக்கம். கொத்தனின் கை பட்டதும் தெய்வத்தின் குரல் அடைத்துக்கொண்டது.

அந்தச் சிலைகளின் அடியிலிருந்து புறப்பட்டால், பழம்பெரும் தீப்ஸ் நகரத்தின் கல்லறைகளையும் கோயில்களையும் ஒரே பகலில் சுற்றிவரலாம். வழிகாட்டிகள் நாள்தோறும் அவ்வழியே பயணிகளை அழைத்துச் செல்கின்றனர். மன்னர் பெயரைச் சொல்வர். மதிலின் உயரத்தைச் சொல்வர். பொன்முகமூடியின் எடையைச் சொல்வர். தோழர்களே, நாமும் அவ்வழியே செல்வோம். ஆனால், ஸ்ட்ராபோவின் ஐயத்தைத் துணைக்கழைத்துச் செல்வோம்.

முதலில் ஒரு கட்டுக்கதையைக் களைந்துவிட வேண்டும். எகிப்தின் பிரமிடுகளையும் கல்லறைகளையும் சாட்டையடி பட்ட அடிமைகள் கட்டினர் என்று சொல்லிக்கொள்வது நமக்கு உணர்ச்சியூட்டும். மேடைக்கு ஏற்றதாகவும் இருக்கும். சான்று அவ்வாறு கூறவில்லை. கீசாவில் பிரமிடு கட்டியோரின் இடுகாடு 1990இல் கண்டுபிடிக்கப்பட்டது. மன்னனின் பிரமிடுக்கு அருகிலேயே, தமக்கென எழுப்பிய கல்லறைகளில் அவர்கள் அடக்கம் செய்யப்பட்டிருந்தனர். வாட்டும் உழைப்பின் வடு அவர்தம் எலும்புகளில் உண்டு. அடிமைகளை எறிந்த குழியன்று அது. பகைவனின் பொய்யை மறுப்பவர், தமக்கு இனிக்கும் பொய்யையும் மறுத்தாக வேண்டும். பகுத்தறிவுக்கு அதுதான் உரைகல்.

தீப்ஸ் மலைச்சரிவில் தேர் எல்-மதீனா என்ற சிற்றூர் இருக்கிறது. மன்னர் பள்ளத்தாக்கின் கல்லறைகளைக் குடைந்தவர், தீட்டியவர், எழுதியவர் குடும்பத்தோடு வாழ்ந்த ஊர். 1922 முதல் 1951 வரை பிரெஞ்சு ஆய்வாளர் பெர்னார் புருயேர் அதை அகழ்ந்தார். சுவரொட்டிச் சுவராக நின்ற சின்னஞ்சிறு வீடுகள் வெளிப்பட்டன. ஆயிரக்கணக்கான ஓட்டுச்சில்லுகளும் சுண்ணக்கல் சில்லுகளும் கிடைத்தன. அவற்றில் கடன் கணக்கு உண்டு, வழக்கு உண்டு, கழுதை வாடகை உண்டு. இரண்டாம் ராம்சேசின் 40ஆம் ஆட்சியாண்டில் வேலைக்கு வாராதோரின் பட்டியலொன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது: ஒருவனைத் தேள் கொட்டிற்று, ஒருவன் பீர் காய்ச்சினான், ஒருவனுக்குக் கண்நோய். மன்னர்கள் சுவரில் தம்மைத் தெய்வமாக எழுதிக்கொண்டனர். மனிதர்கள் இந்தச் சில்லுகளில் மனிதராகவே இருக்கின்றனர்.

அவர்களுக்குக் கூலி தானியம். சாதாரணத் தொழிலாளிக்குத் திங்களுக்கு 4 சாக்குக் கோதுமை, ஒன்றரைச் சாக்கு வாற்கோதுமை. அவற்றோடு மீனும் காய்கறியும். அதில்தான் ரொட்டி, அதில்தான் பானம், எஞ்சியதில்தான் பண்டமாற்று. அந்தத் தானியம் வாராமற்போனால்?

வாராமற்போயிற்று! மூன்றாம் ராம்சேசின் 29ஆம் ஆட்சியாண்டு; கி.மு. 1157 அளவு. திங்கள் பிறந்து 18 நாள் கழிந்தும் கூலி வரவில்லை. உளி நின்றது; தூரிகை நின்றது. இடுகாட்டுக் காவலின் ஐந்து சுவர்களையும் கடந்து தொழிலாளர் வெளியேறினர். மூன்றாம் தத்மோசின் கோயிலுக்குப் பின்னே சென்று அமர்ந்தனர். பசி எங்களை இங்கே கொணர்ந்தது, உடுக்கத் துணியில்லை, எண்ணெயில்லை, மீனில்லை, காயில்லை, மன்னருக்கும் தலைமை அமைச்சருக்கும் எழுதுங்கள் என்றனர். எழுத்தர் அதைப் பதிந்தார். அந்தப் பாப்பிரசு ஏடு இத்தாலியின் டூரின் நகரத்து எகிப்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எழுத்தில் சான்று கிடைத்துள்ள வேலைநிறுத்தங்களுள் உலகிலேயே மிகப் பழமையானது அது. பாடிய சிலையைக் காண வந்தவர் கோடி. இந்தப் பசித்த குரலைக் கேட்டவர் எத்தனை பேர்?

அடுத்து அவர்கள் எங்கே சென்றனர்? இரண்டாம் ராம்சேசின் நினைவுக் கோயிலான ராமேசியத்திற்கு! ஏன் அங்கே? கடவுளை வேண்டவா? கோயிலின் பின்புறத்தில் மண்செங்கல் வளைவுகளாகக் கட்டப்பட்ட களஞ்சியங்கள் இருந்தன. அவற்றின் எச்சங்களை இன்றும் காணலாம். அவை முழுதும் நிறைந்தால் சுமார் 3,400 குடும்பங்களுக்கு ஓராண்டு உணவாகும் என்று ஆய்வாளர் பேரி கெம்ப் கணக்கிட்டார். தொழிலாளருக்குத் தெரிந்திருந்தது, கடவுளின் வீட்டில் எது இருக்கிறதென்று! முதலில் முந்தைய திங்களின் பாக்கி வந்தது. பின்னர் மீண்டும் தடைப்பட்டது; மீண்டும் வெளியேறினர். அவ்வாண்டில் தலைமை அமைச்சர் தோ தென்னாட்டுக்கு வந்தார். பசித்தோரைக் காணவா? மன்னனின் முப்பதாம் ஆண்டு விழாவுக்குத் தென்னாட்டுத் தெய்வங்களை எழுந்தருளச் செய்து அழைத்துப் போக! பசித்தோருக்கு அவர் அனுப்பியது ஒரு காவலதிகாரியின் வாயிலாக ஒரு செய்தி: களஞ்சியமே வெறுமை, கிடைத்ததைத் தருகிறேன் என்று.

வெறுமையா? அதே மன்னன் மறைந்தபின் அவன் பெயரால் எழுதப்பட்ட ஹாரிஸ் பாப்பிரசு, 40 மீட்டருக்கு மேல் நீளும் ஏடு, கோயில்களின் சொத்தை எண்ணிக் காட்டுகிறது. தீப்ஸின் ஆமன் தெய்வத்துக்கு மட்டும் 86,486 ஆட்கள், 4,21,362 கால்நடைகள், 433 தோட்டங்கள், 83 கப்பல்கள், 65 ஊர்கள், நிலம் 8,64,168 அரூரா, அதாவது 5 லட்சத்து 80 ஆயிரம் ஏக்கருக்கு மேல்! கல்லுக்கு எதற்குக் கப்பல்? பேசாத வாய்க்கு எதற்குப் பெருந்தோட்டம்? உண்டது ஆமன் அல்லன். ஆமன் பேரால் உண்டோர் வேறு. போர்களின் செலவும், தானிய விலையின் ஏற்றமும் அந்நாளைய அரசை நலித்தன என்பதும் உண்மையே. ஆனால், நலிவு வந்தபோது எவர் வயிறு முதலில் காய்ந்தது என்பதுதான் நாம் கேட்கும் கேள்வி.

மன்னர் பள்ளத்தாக்குக்குள் நுழைவோம். குடைந்த பாறையில் வண்ணங்கள் இன்றும் ஒளிவிடுகின்றன. கைத்திறனை வணங்கத் தோன்றும், வணங்கவேண்டாம், வாழ்த்துவோம். மேலுலகில் இறந்தவனின் நெஞ்சு, வாய்மையின் இறகோடு தராசில் நிறுக்கப்படும் என்று படம் காட்டினர். நல்ல கருத்துத்தானே என்பீர்கள். ஆனால், தன் நெஞ்சே தனக்கெதிராகச் சாட்சி சொல்லாதிருக்க மந்திரமொன்றும் எழுதினர். வண்டு வடிவக் கல்லில் அதைப் பொறித்து மார்பில் வைத்தனர். மறுமை ஏடுகளைப் பெயரிடம் வெறுமையாக விட்டு முன்கூட்டியே எழுதி வைத்தனர். வாங்குவோன் வந்ததும் பெயரை நிரப்பினர். தராசும் அவர்களுடையது, தராசை ஏய்க்கும் தந்திரமும் அவர்களுடையது!

விலங்குகளையும் விடவில்லை. பூனை, பருந்து, அன்றில் என இலட்சக்கணக்கில் பதப்படுத்திப் பக்தர்க்கு விற்றனர். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தார் எண்ணூறுக்கும் மேற்பட்ட பொட்டலங்களை ஊடுகதிரால் ஆராய்ந்து 2015இல் கண்டது என்ன? ஏறத்தாழ மூன்றிலொரு பங்கில் விலங்கின் எச்சமே இல்லை. சேறும் குச்சியும் நாணலுமே துணிக்குள் இருந்தன!

மன்னர்க்கும் மறுமை கைகொடுக்கவில்லை. ஒன்பதாம் ராம்சேஸ் காலத்தில் கல்லறைக் கொள்ளை வழக்குகள் நடந்தன. ஆமன்பனூபர் என்ற கல்தச்சன் பிடிபட்டு அளித்த வாக்குமூலம் கிடைத்திருக்கிறது: மன்னனின் பிணத்திலிருந்த பொன்னை எடுத்தோம், சவப்பெட்டிகளை எரித்தோம், ஒருமுறை சிறைப்பட்டபோது என் பங்குப் பொன்னை எழுத்தரிடம் தந்தேன், அவர் விடுவித்தார், மீண்டும் தொழிலுக்குச் சென்றேன் என்பது அதன் சாரம். அவனுக்குத் தெய்வ அச்சம் இல்லை. கல்லறையைக் கட்டும் இனத்தவனாயிற்றே, உள்ளே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதை அறிந்தவன்!

மாலையில் ஆற்றைக் கடந்து கர்னாக் சேர்வோம். 134 தூண்கள் நிற்கும் மண்டபம். நடுவிலுள்ள 12 தூண்கள் சுமார் 21 மீட்டர் உயரம். இங்கிருந்துதான் ஆமன் படகில் அமர்ந்து உலா வந்தார். சுமந்தவர் பூசாரிகள். வழக்கைச் சொன்னால், படகு முன்னே அசைந்தால் 'ஆம்', பின்னே அசைந்தால் 'இல்லை'! தீர்ப்புச் சொன்னது தோளா, தெய்வமா? ஐந்து ஆடைகளைத் திருடியதாக ஓர் ஊரின் ஆமன் ஓர் உழவனைச் சுட்டியபோது, அவன் அதை மறுத்து இன்னோர் ஊரின் ஆமனிடம் மேல்முறையீடு செய்தான் என்று ஓர் ஏடு கூறுகிறது. ஒரே தெய்வம், ஊருக்கொரு நீதிமன்றம்!

அந்தத் தோள்கள் எங்கே ஏறின? தலைமைப் பூசாரிப் பதவி ராம்சேஸ்நக்துக்குப் பின் அவன் மக்களுக்கே சென்றது. மகன் ஆமன்ஹோத்தெப் கர்னாக் சுவரில் தன்னை மன்னனுக்கு நிகரான உயரத்தில் செதுக்கிக்கொண்டான். அடுத்து வந்த ஹெரிஹோர் தன் பெயரை அரசர்க்கே உரிய வளையத்துள் பொறித்தான். கி.மு. 1070 அளவில் ராம்சேஸ் மரபு முடிந்தது. தெற்கே பூசாரியர் ஆட்சி நடந்தது.

எழுத்தும் அவர்கள் பிடியிலிருந்தது. நூற்றுக்கு ஒருவர் அளவிலேயே எழுதப் படிக்க அறிந்திருந்தனர் என்பது அறிஞர் மதிப்பீடு. கோயில் மூடியது, எழுத்தும் செத்தது. கடைசிச் சித்திர எழுத்துக் கல்வெட்டு கி.பி. 394ஐச் சேர்ந்தது. 1799இல் ரொசெட்டாக் கல் கிடைத்து, 1822இல் சம்பொலியன் அப்புதிரை அவிழ்த்தார். உலகுக்கு எகிப்தின் வாயைத் திறந்த அக்கல்லில் என்ன இருந்தது? கோயில்களுக்கு வரிச்சலுகை தந்த மன்னனைப் புகழ்ந்து, கி.மு. 196இல் பூசாரியர் இயற்றிய தீர்மானம்!

இளைஞர்களே, பழம்பெருமையைக் காட்டி நம்மைப் பணியச் சொல்வோர் எந்நாட்டிலும் உண்டு. தூணை அண்ணாந்து பாருங்கள், தவறில்லை. மனிதக் கை செய்தது அது. பார்த்தபின் குனிந்து, அதன் நிழலில் கிடக்கும் ஓட்டுச்சில்லையும் எடுத்துப் படியுங்கள். கட்டியவனுக்குக் கூலி சென்றதா? களஞ்சியத் திறவுகோல் எவரிடம் இருந்தது? படகை அசைத்த தோள் எவருடையது? இக்கேள்விகளை மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஐந்து சுவர்களைக் கடந்து வந்து கேட்டுவிட்டனர், அந்தப் பசித்தோர். விடை இன்னும் நிலுவையில் இருக்கிறது.