நிலவில் ஒரு முதியவர், தொலைபேசியில் ஒரு குரல்

2015 நவம்பரில் பிரிட்டனின் ஜான் லூயிஸ் அங்காடி, ஏஜ் யூகே என்ற முதியோர் நல அமைப்போடு சேர்ந்து தன் கிறிஸ்துமஸ் விளம்பரத்தை வெளியிட்டது. தொலைநோக்கியில் நிலவைப் பார்க்கும் சிறுமி லில்லிக்கு, அங்கே தன்னந்தனியாக இருக்கும் முதியவர் தென்படுகிறார். பலூன்களில் பறந்துபோன அவளுடைய பரிசு அவர் கைக்குக் கிடைக்கிறது. அதுவும் ஒரு தொலைநோக்கிதான். அவர் பூமியைப் பார்க்க, அவள் கையசைக்கிறாள். அவர் கண் கலங்குகிறது. ஒரு மாதம் முழுக்க யாரோடும் பேசாமல் இருக்க நேரும் முதியோர் 10 லட்சம் பேர் என்ற கணக்கையும் ஏஜ் யூகே அதோடு மக்கள் முன் வைத்தது.

அந்தப் படம் என்னையும் கலங்கவைத்தது. ஆனால் முதியவர் அதில் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. படம் பேசுவது அவரைப் பற்றி. பேசுவது பிள்ளைகளிடம், பணம் தரக்கூடியவர்களிடம்.

எஸ்தர் ரான்ட்சன் போனது வேறு வழி. தொலைக்காட்சியில் பேர்பெற்றவர், 1986-இல் குழந்தைகளுக்காக சைல்டுலைன் என்ற தொலைபேசி உதவிச் சேவையைத் தொடங்கியவர். கணவர் 2000-இல் இறந்தார். பிள்ளைகள் வளர்ந்து தனியே போனார்கள். தான் தனிமையில் வாடுவதை 2011-இல் 71 வயதில் செய்தித்தாளில் எழுதினார். நாடே அறிந்த ஒருவர் அப்படி ஒப்புக்கொண்டதும், அதே துயரத்தில் இருந்த பலர் அவருக்கு எழுதினார்கள். அதிலிருந்து பிறந்த, முதியோருக்கான தொலைபேசி உதவிச் சேவையான சில்வர் லைன் 2013 நவம்பர் 25 அன்று நாடெங்கும் தொடங்கியது: இலவசம், இரவும் பகலும்.

ரான்ட்சன் நன்றாகப் புரிந்துகொண்டது தனிமையில் உள்ள வெட்கத்தை. 'எனக்கு யாருமில்லை' என்று சொல்ல எந்த மூத்தவருக்கும் நா எழாது. சில்வர் லைன் தன்னைத் தகவல், நட்பு, ஆலோசனை தரும் இடமாக அறிமுகப்படுத்திக்கொண்டது. ஏதோ விவரம் கேட்பதுபோலக் கூப்பிடலாம். பேச்சு பிறகு தானே வளரும். விரும்பியவர்களை ஒரு தன்னார்வலர் வாரந்தோறும் அழைத்துப் பேசுவார். முதியோர் சேவைக்கான மக்கள் தொடர்பில் இதைவிட நுட்பமான வேலையை நான் கண்டதில்லை.

நிலவுப் படம் வீண் என்று சொல்லமாட்டேன். தொலைபேசியை எடுக்க ஆளும் பணமும் வேண்டும். அதைத் திரட்ட இளையவர் மனம் இளகத்தான் வேண்டும். 2019-இல் சில்வர் லைன் ஏஜ் யூகேயோடு இணைந்தது.

சில்வர் லைனின் எண் 0800 4 70 80 90. எழுபது, எண்பது, தொண்ணூறு: எண்ணிலேயே அழைப்பவர்களின் வயது இருக்கிறது. கண்ணாடியைத் தேடாமலே இருட்டில் நினைவிலிருந்து சுழற்றலாம்.