மிச்சம் இருக்கும் பாதி

வலிப்பு அறுவைக்கு முன் நோயாளிகளின் ஞாபகத்தைச் சோதிப்பது என் தொழில். இந்தத் தொழிலின் கணக்கைத் தொடங்கிவைத்தவர் ஒரு சிவில் எஞ்சினியர் என்பேன். மருத்துவ ஏடுகளில் அவர் பெயர் பி.பி. மட்டும்தான். மான்ட்ரியாலில் நரம்பு அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டு 1946-இல் அவருடைய இடது டெம்பொரல் மடலின் முன்பகுதியை எடுத்தார். ஃபிட்ஸ் நிற்கவில்லை. 1951-இல் மறுபடி திறந்து, முதலில் விட்டுவைத்திருந்த, அந்த மடலின் உட்புறத்திலிருக்கும் ஹிப்போகேம்பஸையும் எடுத்தார். புத்தி குறையவில்லை, ஆனால் அதற்குப் பிறகு நடந்த எதுவும் அவர் மனதில் தங்கவில்லை. கையுறை வெட்டும் தொழிலாளி ஒருவருக்கும் அதே கதி. அதே அறுவை செய்துகொண்ட மற்றவர்களோ நன்றாக இருந்தார்கள்.

பென்ஃபீல்டுடன் இருந்த உளவியலாளர் பிரெண்டா மில்னர் இந்த இருவரையும் சோதித்தார். பென்ஃபீல்டும் மில்னரும் வந்த முடிவு: வலப்பக்க ஹிப்போகேம்பஸ் ஏற்கெனவே கெட்டிருக்க வேண்டும், நல்லதாக மிஞ்சியிருந்த ஒன்றையே கத்தி எடுத்துவிட்டது. சரிபார்க்க அன்று எம்.ஆர்.ஐ. ஏது?

இந்தச் செய்தியைப் படித்துத்தான் ஹார்ட்ஃபோர்டிலிருந்து நரம்பு அறுவை மருத்துவர் ஸ்கோவில் பென்ஃபீல்டைத் தொடர்புகொண்டார். 1953-இல் அவர் இரு பக்க ஹிப்போகேம்பஸையும் எடுத்ததால் ஞாபகமிழந்த ஹென்ரி மொலேசன் பிறகு உலகப் புகழ் பெற்றார். இரு பக்கமும் எடுக்கும் துணிச்சல் மொலேசனோடு போயிற்று. ஒரு பக்கம் இன்றும் எடுக்கிறோம்; அதனால் எங்களுக்குப் பாடம் பி.பி.தான்.

மிஞ்சப்போகும் பக்கம் தாங்குமா என்று முன்பே அறியும் வழி சப்போரோவிலிருந்து வந்தது. மூளையின் ஒரு பாதியை மட்டும் சில நிமிடம் உறங்கவைக்கும் முறையை ஜூன் வாடா 1949-இல் ஜப்பானிய மொழியில் எழுதியிருந்தார். பேச்சு எந்தப் பக்கம் என்று அறியவே மான்ட்ரியாலில் அதைப் பயன்படுத்தினார்கள். ஞாபகத்துக்கும் அது உதவும் என்று கண்டவர் மில்னர். நோயாளி இரு கைகளையும் தூக்கி எண்ணிக்கொண்டிருப்பார். கழுத்துத் தமனியில் அமிட்டால் என்ற உறக்க மருந்து இறங்கியதும் எதிர்ப்பக்கக் கை தொப்பென்று விழும். அந்தச் சில நிமிடங்களுக்குள் படங்களைக் காட்டவேண்டும். மருந்து தெளிந்தபின் எதையெல்லாம் பார்த்தீர்கள் என்று கேட்கவேண்டும். எடுக்கப்போகும் பக்கம் உறங்கியபோது பார்த்தவை நினைவில் இல்லையென்றால், அறுவைக்குத் தயங்குவார்கள்.

பி.பி. 1964-இல் நுரையீரல் தமனி அடைப்பால் இறந்தார். மூளையைத் திறந்து பார்த்தபோது வலது ஹிப்போகேம்பஸ் பழைய சேதத்தால் சுருங்கிக் கிடந்தது. மில்னரின் ஊகம் பலித்தது.

 

ஆனால் அமிட்டால் சோதனையை நான் முழுதாக நம்பியதில்லை. ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதிக்கு ரத்தம் பின்பக்கத் தமனியிலிருந்து போகிறது. கழுத்தில் செலுத்திய மருந்து அங்கே சரியாக எட்டுவதில்லை. எம்.ஆர்.ஐ. வந்தபின், எடுக்கப்போகும் பகுதியையே உற்றுப் பார்க்கத் தொடங்கினார்கள். சுருங்கித் தழும்பேறியிருந்தால் அது வேலை செய்வதை முன்பே நிறுத்தியிருக்கும். போனாலும் இழப்பு குறைவு. உருவத்திலும் வேலையிலும் நன்றாக இருந்தால்தான் ஆபத்து. வார்த்தைப் பட்டியலைக் கேட்டு அரைமணி கழித்தும் பிசகாமல் திருப்பிச் சொல்லும், இடப்பக்க அறுவைக்கு வந்த நோயாளியைக் கண்டால் வீட்டார் மகிழ்வார்கள். எனக்கோ அவரிடம்தான் அதிக நேரம் பேசவேண்டியிருக்கும். அவர் பாடம் நடத்தும் வாத்தியார் என்றால் இன்னும் கூடுதலாக.