அவை முன் எழுந்தவர் : கொரியச் சொற்பொழிவின் வரலாறு

கொரிய மொழியில் நன்கு தேர்ச்சி பெற்றோரும், அவையோர் முன் எழுந்து நிற்குங்கால் சற்றே தயங்குவர். காரணம் சொற்பஞ்சமன்று, வினைமுற்றின் விகுதியே. கேட்பவர் மேலோரா, நிகரானவரா, இளையோரா என்பதை அம்மொழியில் ஒவ்வொரு வாக்கியத்தின் ஈறும் புலப்படுத்தியாக வேண்டும். "வா", "வாருங்கள்" என நாம் ஏவலில் காட்டும் வேறுபாட்டை, அவர்கள் "மழை பெய்கிறது" என்னும் எளிய கூற்றிலும் காட்டுவர்.

அவ்வாறாயின், அமைச்சரும் ஏவலரும் கலந்து நிற்கும் கூட்டத்தை நோக்கி எவ்விகுதியில் பேசுவது? இவ்வினா எழுவதற்கே அந்நாட்டில் நெடுங்காலம் வாய்ப்பில்லை. செஜோங் மன்னர் 1446-இல் ஹங்குல் எழுத்தை வெளியிட்ட பின்னரும், அரசவை ஆவணங்கள் சீனத்திலேயே எழுதப்பட்டன. குறை கூற விரும்பிய கற்றோர் விண்ணப்பம் வரைந்தனர். நாட்டு நடப்பை எல்லோரும் கூடிப் பேசும் பொதுமேடை என ஒன்று இருந்ததில்லை எனலாம்.

அமெரிக்காவிலிருந்து திரும்பிய சோ ஜே-பில், 1896 ஏப்ரல் 7-இல் ஹங்குல் எழுத்திலேயே ஒரு செய்தித்தாளைத் தொடங்கினார். அவ்வாண்டிலேயே விடுதலைக் கழகமும் தோன்றியது. 1897 ஆகஸ்ட் முதல் அக்கழகம் விவாதக் கூட்டங்களை நடத்திற்று. 1898 மார்ச்சில் சியோல் நகரின் ஜொங்னோ கடைவீதியில் பல்லாயிரவர் திரண்ட மக்கள் பேரவை கூடியது.

அவ்வாண்டு அக்டோபர் 29 அன்று அமைச்சர்களும் வந்திருந்த பேரவையில் முதலுரை ஆற்ற எழுந்தவர் பாக் சொங்-சுன். அவர் மாடறுக்கும் பேக்ஜொங் குலத்தவர். 1894-ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் வரை சட்டமே அக்குலத்தைத் தாழ்த்தி வைத்திருந்தது. சிறுவரும் அவர்களைத் தாழ்ந்த விகுதியில் விளிப்பர். அவர்களோ அச்சிறுவரிடமும் பணிந்தே பேச வேண்டும். அத்தகையவர், தம்மை நாட்டின் மிகத் தாழ்ந்தவர், கல்லாதவர் என்று கூறிக்கொண்டு பேசத் தொடங்கினார். ஆயினும் நாட்டுப்பற்று இன்னதென அறிவேன் என்றார். ஒரே காலில் நிற்கும் பந்தல் உறுதியற்றது. பல கால்கள் சேர்ந்து தாங்கினால் உறுதி பெறும். ஆள்வோரும் மக்களும் அவ்வாறே ஒன்றுசேர வேண்டும் என்பது அவர் உரையின் கருத்து. கூட்டம் ஆரவாரித்தது. அரசரிடம் வைக்க ஆறு கோரிக்கைகளும் அப்பேரவையில் ஏற்கப்பட்டன.

அவ்வாண்டு முடிவதற்குள் அரசு அக்கழகத்தைக் கலைத்தது. எனினும் நாவின் சுவையை அறிந்த மக்கள் அதனை மறக்கவில்லை. 1907-இல் ஆன் குக்-சொன் சொற்பொழிவு முறைகளை விளக்கி, மாதிரி உரைகளுடன் ஒரு நூல் வெளியிட்டார். மறு ஆண்டில், விலங்குகள் அவை கூடி மனிதரின் குறைகளை எடுத்துரைப்பதாக அவர் எழுதிய புனைகதை 1909-இல் தடை செய்யப்பட்டது. 1910-இல் ஜப்பான் கொரியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. 1923-இல் ஜின்ஜு நகரில் பேக்ஜொங் மக்களின் சமத்துவச் சங்கம் எழுந்தபோது, மீண்டும் அவர்கள் குரல் மேடையேறியது.

இன்று கொரிய மேடையில் பேசுவோர் அவையோரை "யொரொபுன்" என விளித்து, "ம்னிதா" என்னும் உயர்மதிப்பு விகுதியில் வாக்கியத்தை முடிக்கின்றனர். "நான்" என்பதற்கும் "நா" என்னாது, "ஜொ" என்னும் பணிவுச் சொல்லையே ஆள்வது வழக்கம். அவையில் யார் உயர்ந்தவர், யார் தாழ்ந்தவர் என்று அங்கே எவரும் பிரித்து நோக்குவதில்லை. அனைவருக்கும் ஒரே மதிப்பு. பயில்வோர் இதனை வெறும் இலக்கண விதியாக மனப்பாடம் செய்தல் போதாது. ஒருகாலத்தில் சிறுவரிடமும் பணிந்து பேச வேண்டியிருந்த ஒருவர், அமைச்சரும் கேட்க அவையில் எழுந்து நின்ற நாளையும் உடன் நினைத்தல் வேண்டும்.