நன்னிலத்து ஆர்எக்ஸ் 100-ம் ஒரு அலுமினியக் கட்டையும்

போன பொங்கலுக்கு நன்னிலம் வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு பழைய தகர டப்பா கிடைத்தது. உள்ளே துணியில் சுற்றிய ஒரு பிஸ்டன், உடைந்த ரிங் துண்டுகள், நடுவில் ஓட்டை போட்ட 12 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு அலுமினியக் கட்டை. பார்த்ததுமே எந்த வண்டியுடையது என்று தெரிந்துவிட்டது.

1993-ல் சித்தப்பாவின் யமஹா ஆர்எக்ஸ் 100, சன்னாநல்லூர் தாண்டித் திருவாரூர் சாலையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே 'சீஸ்' ஆகி, பின்சக்கரம் பூட்டிக்கொண்டு, அவரைத் தூக்கி வயல் ஓரத்தில் போட்டது. தோள்பட்டை எலும்பு முறிந்தது. முதல் நாள் அந்த வண்டியை இரவல் வாங்கிப் போயிருந்தது அப்பா. ஆயில் டேங்கைப் பார்க்காமல் ஓட்டிவிட்டார், காய்ந்துபோய் பிஸ்டன் பிடித்துக்கொண்டது என்று பழி அவர்மேல் விழுந்தது. "நான் ஊத்துனேன்டா" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் நம்பவில்லை. நானும்தான்.

ஆனால் அந்தக் கட்டை எதற்கு டப்பாவில் இருந்தது? அதை யாரும் அதுவரை பேசியதே இல்லை. பி.இ. மெக்கானிக்கல் படித்துவிட்டு இருபது வருடமாக சாஃப்ட்வேர் எழுதுகிறவனுக்கு இது போதும், ஒரு மாதத்துத் தூக்கம் போச்சு.

அதன் பெயர் இன்டேக் ஸ்பேசர். கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் வைத்து நீளமான போல்ட் போட்டு முடுக்குவார்கள். பல டூ-ஸ்ட்ரோக் வண்டிகளில் கம்பெனியே ஒரு கறுப்பு பேக்லைட் துண்டை அந்த இடத்தில் வைத்திருக்கும். அது சூடு கார்புரேட்டருக்கு ஏறாமல் தடுக்க. பட்டறையில் வைக்கும் அலுமினியக் கட்டை வேறு நோக்கம்: 'பிக்கப்' ஏறும், 'இழுவை' கூடும். அலுமினியம் சூட்டைத் தடுக்காது, கடத்தும் என்பதை அந்த நாளில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஆர்எக்ஸ் 100 இங்கே வந்தது 1985 இறுதியில். 98 சிசி, 11 குதிரைத்திறன். இரண்டு வருடம் முன்பே, 1983-ல், ராஜ்தூத் 350 வந்திருந்தது. அது யமஹாவின் ஆர்டி 350, நம் ஊருக்காக வேண்டுமென்றே அடக்கிவைக்கப்பட்டது. அடக்கிவைத்ததைத் திறந்துவிட வேண்டும் என்ற ஆசை அப்போதே தொடங்கிவிட்டது. சென்னைக்கு வெளியே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்தில், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் வருடாவருடம் பந்தயம் நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டைக்குத் தனிப் பந்தயத்தளம் வந்தது. எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் எதைச் செய்தாலும் "சோழவரத்துல இப்படித்தான் பண்றான்" என்பார்கள். சொன்னவர்களில் எத்தனை பேர் சோழவரம் பார்த்தார்கள் என்பது வேறு விஷயம்.

இந்தக் கட்டைக்குப் பின்னால் உண்மையான அறிவியல் இருக்கிறது. அதுதான் சிக்கலே. இந்த மாதிரி டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் ஃபோர்-ஸ்ட்ரோக்கில் இருப்பதுபோன்ற வால்வு கிடையாது. காற்று உள்ளே வருவதும் புகை வெளியே போவதும் அலைகளின் தயவில் நடக்கிறது. கிழக்கு ஜெர்மனியில் எம்ஸெட் நிறுவனத்தின் வால்டர் காடன் என்ற பொறியாளர் 1950-களில் புகைபோக்கியின் வடிவத்தை மாற்றியே சின்ன எஞ்சினிலிருந்து நம்பமுடியாத சக்தியை எடுத்தார். அவருடைய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961-ல் தப்பியோடி சுசுகியில் சேர்ந்தார். மறுவருடமே 50 சிசி உலகப் பட்டம் சுசுகிக்கு. அந்தக் கதையை ஒரு தனிக் கட்டுரையாக எழுதவேண்டும்.

உள்ளிழுக்கும் பக்கமும் அப்படித்தான். காலி கோலி சோடா பாட்டில் வாயில் ஊதினால் ஒரு சுருதி வருமில்லையா? கழுத்து நீளமானால் சுருதி இறங்கும். தஞ்சாவூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை குட்டையான திமிரியை விட்டு நீளமான பாரி நாயனத்துக்கு மாறியபோது சுருதி இறங்கியது. எஞ்சினில் கிரேங்க்கேஸ்தான் பாட்டில், கார்புரேட்டர் குழாய்தான் கழுத்து. கட்டை வைத்தால் கழுத்து நீளும், எஞ்சின் நன்றாக மூச்சுவிடும் வேகம் கீழே இறங்கும். கவனியுங்கள், சக்தி கூடுவதில்லை. அது கிடைக்கும் இடம் நகர்கிறது, அவ்வளவுதான்.

எவ்வளவு நகரும்? ஹெல்ம்ஹோல்ட்ஸ் சூத்திரத்தில் நீளம் வர்க்கமூலத்துக்குள் இருக்கிறது. உறிஞ்சு குழாயின் மொத்த நீளத்தை உத்தேசமாக 150 மில்லிமீட்டர் என்று எடுத்தால், 12 சேர்த்ததும் 162. அதிர்வெண் சுமார் 4 சதவீதம் குறையும். 7,500 சுற்றில் இருந்த உச்சம் 7,200 பக்கம் வரும். உட்கார்ந்திருப்பவருக்கு இது தெரியுமா? எனக்குச் சந்தேகம்தான். தவிர ஆர்எக்ஸில் இருப்பது ரீட் வால்வு. உள்ளே உறிஞ்சும்போது தானே திறந்து, திரும்பும்போது தானே மூடிக்கொள்ளும் மெல்லிய இதழ்கள். பிஸ்டனே கதவாக இருக்கும் பழைய ஜாவா, எஸ்டி மாதிரி வண்டியில் குழாய் நீளம் இன்னும் முக்கியம். ரீட் வால்வு அந்தக் குறையைப் பாதிக்குமேல் தானே சரிசெய்துகொள்கிறது.

அமெரிக்காவில் மணல்மேடுகளில் ஓட்டும் நாலு சக்கர வண்டிகளில் இதே கட்டை இன்றும் விவாதமாக இருக்கிறது. 1987-ல் வந்த யமஹா பான்ஷீயின் 347 சிசி எஞ்சின், நம் ராஜ்தூத் 350-ன் வம்சாவளிதான், தண்ணீரில் குளிரவைக்கும் தம்பி. அங்கே கட்டையை ரீட் வால்வுக்கும் சிலிண்டருக்கும் நடுவே வைப்பதும் உண்டு. அப்படி வைத்தால் பாட்டிலே பெரிசாகும், கிரேங்க்கேஸ் அழுத்தம் கொஞ்சம் குறையும். பெரிய கார்புரேட்டர், வேறு புகைபோக்கி, குடைந்த போர்ட் என்று எல்லாம் மாற்றிய எஞ்சினில் கடைசி நுணுக்கமாக இதற்கு ஒரு இடம் உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன். கம்பெனி நிலையில் இருக்கும் வண்டியில் இதை மட்டும் வைப்பது வீண்.

பின் ஏன் எல்லோரும் "ஏறிடுச்சு" என்றார்கள்? கட்டை வைக்கும்போது பட்டறைக்காரர் சும்மா வைப்பதில்லை. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவுவார், பிளக்கைத் தேய்ப்பார், சைலன்சரில் அடைத்த கரியை எரிப்பார். கரி அடைத்த டூ-ஸ்ட்ரோக்குக்கு அது மறுபிறவி. பேர் கட்டைக்குப் போய்விடும்.

சித்தப்பா மகன் அந்த வண்டியை இன்னும் வைத்திருக்கிறான். ஒரு விடியற்காலையில், சாலை காலியாக இருந்தபோது, புதுக் கட்டை கடைந்து, நல்ல கேஸ்கெட் போட்டு, வைத்தும் வைக்காமலும் மாற்றிமாற்றி மூன்றாம் கியரில் ஓட்டி போனில் நேரம் எடுத்தோம். ஒரே நிலையில் எடுத்த ஓட்டங்களுக்குள் இருந்த வித்தியாசம், கட்டை உள்ளதற்கும் இல்லாததற்கும் இருந்த வித்தியாசத்தைவிடப் பெரிது. இது ஆய்வகச் சோதனை இல்லைதான், ஆனால் கணக்கு சொன்னதையே சொன்னது.

இனி டப்பாவுக்கு வருகிறேன். கட்டை வைத்தால் ஒரு இணைப்பு இருந்த இடத்தில் இரண்டு இணைப்பு. பழைய கட்டையைக் கண்ணாடித் தகட்டின்மேல் வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் அரத்தால் ராவியது, ஓரத்தில் 0.2 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ் தாராளமாக நுழைகிறது. காலண்டர் அட்டையில் வெட்டிய கேஸ்கெட்டின் மிச்சம் இன்னும் ஒட்டியிருக்கிறது. அந்த இடுக்கு வழியாகக் காற்று புகுந்தால் கலவையில் பெட்ரோல் குறையும், சூடு ஏறும். ரீட் வழியாகப் போகும் பெட்ரோல்தான் டூ-ஸ்ட்ரோக்கின் உள்ளுறுப்புகளைக் குளிரவைக்கிறது, எண்ணெய் மட்டும் இல்லை.

பிஸ்டனும் அதையே காட்டுகிறது. எண்ணெய் இல்லாமல் பிடித்திருந்தால் கீறல் பெரும்பாலும் சுற்றிலும் இருக்கவேண்டும். இதில் கீறல் புகை போகும் பக்கம் மட்டும். மேல் விளிம்பு அங்கே உருகிக் கரைந்திருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் தொழிற்சாலையில் கடைந்த வரிகள்கூட அப்படியே தெரிகின்றன. நீதிமன்றத்தில் நிற்குமா என்று கேட்டால் தெரியாது. எனக்குப் போதும்.

சித்தப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, பிஸ்டனை ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டையைத் தொடவில்லை.

"கட்டைக்கு நூத்தம்பது ரூபா குடுத்தேன்டா" என்றார். கொஞ்சம் கழித்து, "அண்ணன்ட்ட மூணு வருஷம் பேசல."

டப்பாவைத் திரும்ப எடுத்துப்போகவா என்று கேட்டதற்கு, இங்கேயே இருக்கட்டும் என்றுவிட்டார்.