எந்தச் சென்னை சார்? – 2019 சூப்பர் கப் கதை

பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, சாவகாசமாகப் படியுங்கள்.

போன வாரம் பொன்னேரி ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். பழைய மாணவர் ஒருவர் வந்து வணக்கம் சொன்னார். சிப்காட்டில் வேலை. பள்ளியில் படிக்கும்போது கோல்கீப்பர். பேச்சுவாக்கில் கேட்டார்: "சார், நம்ம தமிழ்நாட்டு டீம் எதாவது இந்தியா அளவுல நாக்-அவுட் கப்பு ஜெயிச்சிருக்கா?" பதிலை ஆரம்பிப்பதற்குள் வண்டி வந்துவிட்டது. கூட்டத்தில் அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மீதி பதில் இங்கே.

ஜெயித்திருக்கிறார்கள். ஊட்டிக்குப் பக்கத்தில் வெலிங்டனில் இருக்கும் மதராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அணி 1955-லும் 1958-லும் டூரண்ட் கோப்பையை வாங்கியது. ராணுவ அணி என்பதால் நம் பேச்சில் அது வருவதே இல்லை. ஆனால் 1977-இல் தொடங்கிய ஃபெடரேஷன் கப்பையும் சரி, அதற்குப் பதிலாக 2018-இல் வந்த சூப்பர் கப்பையும் சரி, தமிழ்நாட்டு கிளப் எதுவும் வென்றதில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போன ஒரு வருஷம் உண்டு. 2019.

அந்த வருஷம் சென்னை பெயரில் இரண்டு அணிகள். ஒன்று சென்னையின் எஃப்.சி., ஐ.எஸ்.எல். அணி. இன்னொன்று சென்னை சிட்டி எஃப்.சி., ஐ-லீக் அணி. பெயர்தான் சென்னை, சிட்டி ஆடியது கோயம்புத்தூரில். அங்கும் ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியம், இங்கும் ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியம். குழப்பத்துக்குக் கேட்கவா வேண்டும்!

சென்னையின் 2018 மார்ச்சில் பெங்களூருவிலேயே போய் பெங்களூரு அணியை 3-2 என்று வென்று ஐ.எஸ்.எல். சாம்பியன் ஆனது. திருவள்ளூர் வண்டியில் போகிறவர்கள் வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனைத் தாண்டும்போது ஜன்னலோரம் பாருங்கள். அந்தத் தெருக்களில் ஆடி வளர்ந்த தனபால் கணேஷ் அந்த அணியில் இருந்தார். அடுத்த சீசனில் அதே அணி 18 ஆட்டத்தில் 2 வெற்றி, 9 புள்ளி, கடைசி இடம். வகுப்பில் முதல் ரேங்க் எடுத்த பையன் அடுத்த வருஷம் கடைசி ரேங்க் வாங்கியது போல.

சிட்டி கதை நேர் எதிர். சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் பயிற்சியாளர். ஸ்பெயினிலிருந்து வந்த பெட்ரோ மான்சி அந்த சீசனில் 21 கோல் அடித்தார். கூடவே எட்வின் சிட்னி வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ் என்று நம் தமிழ்நாட்டுப் பையன்கள். 2019 மார்ச் 9, கடைசி நாள். மினர்வா பஞ்சாபிடம் முதலில் ஒரு கோல் வாங்கிவிட்டார்கள். அதே நேரத்தில் கோழிக்கோட்டில் நடந்த தன் ஆட்டத்தை ஈஸ்ட் பெங்கால் வென்றது. சிட்டி தோற்றிருந்தால் கோப்பை கொல்கத்தாவுக்குப் போயிருக்கும். மான்சி பெனால்டியில் சமன் செய்தார். தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா இரண்டு கோல் அடித்தார். 3-1. சிட்டி 43 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 42. ஐ-லீக்கை வென்ற முதல் தமிழ்நாட்டு கிளப்!

உடனே கேட்பீர்கள்: சாம்பியன் ஆனதால் மேலே ஐ.எஸ்.எல்.லுக்குப் போனார்களா? இல்லை. அப்போது ஐ.எஸ்.எல். இடம் என்பது காசு கட்டி வாங்கிய உரிமையாக இருந்தது. அங்கே கடைசியில் வந்தவர் இறங்க வேண்டியதில்லை என்று இருந்தது. இங்கே முதலில் வந்தவர் ஏற முடியாமல் இருந்தது. கடைசியில் வந்த சென்னையின் மேலேயே இருந்தது, முதலில் வந்த சிட்டி கீழேயே இருந்தது.

இந்த இரண்டு உலகமும் ஒரே மைதானத்தில் சந்திக்க இருந்த ஒரே இடம் சூப்பர் கப். தோற்றால் வீடு, அவ்வளவுதான். அந்த வருஷம் எல்லா ஆட்டமும் புவனேசுவரம் கலிங்கா ஸ்டேடியத்தில். ஆனால் ஐ-லீக் கிளப்புகளில் பெரும்பாலானவை வரவில்லை. எங்களைச் சமமாக நடத்தவில்லை என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார்கள். ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் இரண்டுமே இல்லை. அதனால் எதிராளி வராமலே வெற்றி என்ற வாக்-ஓவர் நிறைய.

இதைச் சொல்லித்தான் அந்தக் கோப்பையை மட்டம் தட்டுவார்கள். வரலாற்று வாத்தியாராக ஒரு குறுக்கீடு. உலகத்தின் மிகப் பழைய தேசிய கால்பந்து நாக்-அவுட் கோப்பையான இங்கிலாந்தின் எஃப்.ஏ. கப், 1871-72-இல் நடந்த லட்சணம் தெரியுமா? பெயர் கொடுத்தது 15 அணிகள், அதில் சிலர் ஆட வரவே இல்லை. கிளாஸ்கோவிலிருந்து வந்த குவீன்ஸ் பார்க் அரையிறுதியில் வாண்டரர்ஸ் அணியோடு 0-0 என்று சமன் செய்தது. மறு ஆட்டத்துக்கு லண்டனில் தங்கக் காசில்லாமல் ஊர் திரும்பிவிட்டது. வாண்டரர்ஸ் இறுதி ஆட்டத்துக்கு முன் மைதானத்தில் உண்மையாக வென்றது ஒரே ஒரு ஆட்டம். அவர்கள்தான் முதல் சாம்பியன் என்று இன்றைக்கும் புத்தகத்தில் இருக்கிறது.

சரி, புவனேசுவரத்துக்கு வருவோம். சிட்டி ஆட வந்தது. முதலில் புனேயை 4-2 என்று வென்றது. கால் இறுதியில் எதிரே பெங்களூரு. சாதாரண பெங்களூரு இல்லை. முந்தைய சூப்பர் கப்பையும் வென்றவர்கள், மார்ச் 17-ஆம் தேதிதான் கோவாவைக் கூடுதல் நேரத்தில் வென்று ஐ.எஸ்.எல். சாம்பியன் ஆனவர்கள். மேல் லீக் சாம்பியனும் கீழ் லீக் சாம்பியனும் நேருக்கு நேர். சிட்டி 2, பெங்களூரு 1.

என்னைக் கேட்டால் அந்த சீசனின் பெரிய முடிவு அதுதான். இறுதி ஆட்டம்கூட இல்லை.

இன்னொரு பக்கம் ஜான் கிரிகரியின் சென்னையின் மும்பையை 2-0 என்று வீழ்த்தி, அரையிறுதியில் கொல்கத்தாவின் ஏ.டி.கே.யையும் 2-0 என்று வென்றது. கடைசி நான்கில் இரண்டு சென்னை! சிட்டி கோவாவை வென்றிருந்தால் இறுதி ஆட்டமே சென்னைக்கும் சென்னைக்கும்தான். கோவா 3-0 என்று கதையை முடித்தது.

இறுதி ஆட்டம் ஏப்ரல் 13, சனிக்கிழமை. மறுநாள் சித்திரை ஒன்று. பதினெட்டாம் தேதி ஓட்டுப்பதிவு என்பதால் தெருவெல்லாம் மைக் செட்டு. டீக்கடையில் ஐ.பி.எல். கால்பந்து பற்றிப் பேச ஆளில்லை. என் வீட்டுப் பின்கட்டில் அப்போது ஒடிசாக்காரத் தம்பிகள் நான்கு பேர் வாடகைக்கு இருந்தார்கள். இரும்பு உருக்கும் ஆலை ஒன்றில் வேலை. "எங்க ஊரு ஸ்டேடியம் சார்" என்று ஒருவன் வந்து சொன்னான். நம்மூர் வழியாக நிற்காமல் பறக்குமே கோரமண்டல் எக்ஸ்பிரஸ், அதில் ஏறினால் புவனேசுவரம். நால்வரும் என் வீட்டு டி.வி. முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். வீட்டில் அம்மா பண்டிகைக்குச் செய்த முறுக்கைக் கொண்டுவந்து வைத்தார்.

அவர்களில் ஒருவன் இரண்டு வருஷத்தில் நன்றாகத் தமிழ் பேசக் கற்றிருந்தான். "இது எந்தச் சென்னை சார்? சாம்பியன் சென்னையா?" என்றான். இல்லப்பா, இது லீக்கில் கடைசியாக வந்த சென்னை என்றேன். "கடைசியா வந்தவங்க பெரிய லீக், முதல்ல வந்தவங்க சின்ன லீக்கா?" என்று கேட்டான். முப்பது வருஷம் பாடம் நடத்தியவன் நான், எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் விழித்தேன். அவனே கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "புரிஞ்சிடுச்சு சார். அவங்க பர்மனென்ட், இவங்க கான்ட்ராக்ட்."

மற்ற மூவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் பாடம் சொன்ன பிள்ளைகளில் எத்தனை பேர் ஒரே மெஷினில் ஒரே ஷிஃப்டில் பத்து வருஷமாக கான்ட்ராக்டாகவே நிற்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 51-ஆவது நிமிஷம் கோவாவின் கொரோமினாஸ் அடித்தார். மூன்றே நிமிஷத்தில் ரஃபேல் அகஸ்டோ சமன். நான் எழுந்து கத்தியதில் முறுக்குத் தட்டு கவிழ்ந்தது. 64-இல் பிராண்டன் ஃபெர்னாண்டஸ். 2-1. கோவாவுக்குக் கோப்பை.

அப்புறம் நடந்தது சீக்கிரம் சொல்லக்கூடியது. ஐ-லீக் சாம்பியனுக்கு மேலே போக வழி 2022-23 சீசனில்தான் திறந்தது. அந்த வருஷம் வென்ற பஞ்சாப் ஏறியது. சிட்டிக்கு அது உதவவில்லை. 2021-22 ஐ-லீக் பட்டியலிலேயே அந்தப் பெயர் இல்லை. எட்வின் சென்னையின் அணிக்கும் ரொமாரியோ கோவாவுக்கும் ஆடப் போனார்கள்.

ஒடிசாத் தம்பிகள் 2020 ஊரடங்கில் ஊருக்குப் போனார்கள், திரும்பி வரவில்லை. 2023 ஏப்ரல் 25-ஆம் தேதி ராத்திரி போன் வந்தது. அந்தத் தமிழ் பேசும் தம்பிதான். கோழிக்கோட்டில் அன்றைக்கு ஒடிசா எஃப்.சி. பெங்களூருவை 2-1 என்று வென்று சூப்பர் கப்பைத் தூக்கியிருந்தது. பின்னால் ஒரே கூச்சல். அம்மாவை விசாரித்தான், முறுக்கை விசாரித்தான். பிறகு, "சார், உங்க இன்னொரு சென்னை இப்ப எந்த லீக்ல ஆடுது?" என்றான்.

எந்த லீக்லயும் இல்ல தம்பி என்றேன். கொஞ்ச நேரம் அவன் பேசவில்லை. கூச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.