பார்க்க மறுத்த கண்கள்

கலிஃபோர்னியாவின் லாங் பீச் துறைமுக நகரம், கம்போடிய அகதிகள் பெருமளவில் குடியேறிய ஊர். 1980களில் அங்கு, நடுவயதைக் கடந்த கம்போடியப் பெண்கள் பலர் பார்வை போய்விட்டதென்று கண் மருத்துவர்களை நாடினர். சிலருக்கு நிழலுருவங்கள் மட்டுமே தெரிந்தன. சிலருக்கு அதுவும் இல்லை. சோதித்துப் பார்த்தால் கண்ணில் பழுதேதும் இல்லை. அரசு உதவித்தொகைக்காக நடிக்கிறார்களோ என்ற ஐயமும் எழுந்தது. இத்தகையோர் ஏறக்குறைய 150 பேர் என்று பின்னர் மதிப்பிடப்பட்டது.

கண்ணின் மின்துடிப்புகளை அளக்கும் வல்லுநரான கிரெட்சன் வான் போமெல், விழித்திரையிலிருந்து மூளைவரை ஒளியின் செய்தி தடையின்றிச் செல்வதைக் கண்டார். உளவியலாளர் பட்ரீசியா ரோஸேயுடன் சேர்ந்து அவர் செய்த அடுத்த காரியம் எளியது. ஆனால் அதுவரை எவரும் செய்யாதது. அப்பெண்களிடம், உங்களுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டார்கள்.

1975 ஏப்ரல் முதல் 1979 ஜனவரி வரை நீடித்த கெமர் ரூஜ் ஆட்சியில் ஏறக்குறைய 17 லட்சம் பேர் மாண்டனர். கணவனையும் பிள்ளைகளையும் கண்ணெதிரே பறிகொடுத்த பெண்கள் அழவும் கூடாது. துக்கம் காட்டுவதே அங்குக் குற்றம். அந்த ஆட்சியிலும் முகாம்களிலும் கழிந்த ஆண்டுகள் கூடக்கூடப் பார்வை குறைந்திருந்ததை, 1989இல் வெளியான அவர்களது ஆய்வு காட்டியது.

பெண்ணின் இத்தகைய நோய்க்கு ஐரோப்பிய மருத்துவம் நெடுங்காலம் வைத்திருந்த பெயர் ஹிஸ்டீரியா. கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது அது. துன்பம் இழைத்தவனை விட்டுவிட்டுத் துன்பப்பட்டவளின் உறுப்பின்மீது பழிபோடும் சொல் என்றே எனக்குத் தோன்றுகிறது. உளவதிர்ச்சிக்குப் பிந்தைய நோய்நிலை என்ற பெயர் 1980இல் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் ஏறியபோதும், அதற்காகப் போராடியவர்களின் முன்வரிசையில் வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களே இருந்தனர். சமையலறையில் தடுமாறிய கம்போடியத் தாய் எவர் நினைவிலும் இல்லை.

மீட்சி வந்த வழிதான் வியப்பூட்டுவது. சில பெண்கள் குழுவாக அமர்ந்து நடந்ததைப் பேசினர். வேறு சிலருக்கோ தொலைபேசியில் பேசுவது, பேருந்தேறிச் செல்வது போன்ற அன்றாடக் காரியங்களே கற்பிக்கப்பட்டன. பத்து வாரங்களில் இரு சாராரும் தேறினர். சிலருக்குப் பார்வையும் ஓரளவு தெளிந்தது. கடந்ததைச் சொல்லி அழுவது ஒரு மருந்தென்றால், தனியே கடைத்தெரு சென்று மீள்வதும் மருந்தாயிற்று. துன்பத்தைத் துருவித் துருவிக் கேட்பதொன்றே சிகிச்சை என நம்பும் நம்மவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

எல்லோருக்கும் பார்வை திரும்பவில்லை. கட்டாயத் திருமணங்கள் உள்ளிட்ட கெமர் ரூஜின் கொடுமைகளுக்காக, அதன் மூத்த தலைவர்கள் இருவரைக் கம்போடியாவின் சிறப்பு நீதிமன்றம் குற்றவாளிகளென்று அறிவித்தது 2018 நவம்பரில். ஆய்வு வெளியான ஆண்டில் அறுபது வயதாயிருந்த ஒருத்தி அன்று உயிரோடிருந்திருந்தால், தொண்ணூறை நெருங்கியிருப்பாள்.