மாத்தளை நீரும் மாலை விளக்கும்

மாத்தளை மாவட்டத்தின் மின்வரலாறு நீர்வரலாற்றின் ஒரு கிளையேயாம். 1976 ஆம் ஆண்டிலே பொல்கொல்லையில் மகாவலியைத் தடுத்து, ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கவழியே அதன் நீரை உக்குவளைக்குக் கொணர்ந்தனர். ஆங்குள்ள மின்னிலையத்திற் சுழலிகளை இயக்கிய நீர், சுது கங்கையிற் கலந்து, போவத்தென்னை நீர்த்தேக்கத்தை அடைகின்றது. 1981 இல் மின் தரத் தொடங்கிய அவ்விடத்தே நீருக்கு இரு வழிகள் உண்டு. ஒன்று சுழலியினூடாக அம்பன் கங்கைக்குச் செல்வது. மற்றையது கலாவாவிப் புறத்து வயல்களுக்குச் செல்வது. பின்னைய வழியிற் செல்லும் நீர் ஆங்கு மின் தாராது. வயல் நீர் வேண்டும் பருவமும், வீடு விளக்கேற்றும் வேளையும் ஒன்றையொன்று கேட்டு வருவனவல்ல.

குறைந்ததைப் பங்கிடும் முறையை இந்நாட்டார் முன்னரே அறிவர். வறண்ட வலயத்திலே குளநீர் குறைந்த போகத்தில், குளத்துக்கு அண்மையிலுள்ள வயலை மட்டும் விதைத்து, தொலைவில் நிலமுடையாருக்கும் அதிற் பங்களிக்கும் வழக்கம் 'பெத்ம' எனப்படும்.

1990களிலே, மின்கம்பி எட்டாத மலையூர்களில் இதனையொத்த ஓர் ஏற்பாடு பரவியது. இரத்தினபுரி, கேகாலை முதலிய மாவட்டங்களில் ஊரார் ஓடைநீரால் இயங்கும் சிறு மின்னாக்கிகளை நிறுவி, நுகர்வோர் சங்கமாகக் கூடி நடத்தினர். ஊர் முழுவதற்கும் சில கிலோவாற்றே கிடைத்தமையால், வீடொன்றின் பங்கு பெரும்பாலும் 100 முதல் 250 வாற்று வரையே. ஆதலின் மாலையில் விளக்கும் வானொலியும் தொலைக்காட்சியும் மட்டுமே. மின்னழுத்தி பிறர் விளக்கணைத்த பகற்பொழுதுக்குரியது. ஒருவர் வரம்பு மீறின் அயலவர் விளக்கு மங்கும். குற்றவாளியைத் தேட நெடுந்தூரம் போகவேண்டியதில்லை! தேசிய மின்கம்பி வந்தபின் இவற்றுட் பல கைவிடப்பட்டன. கம்பி வந்தது நன்றே. பங்கிடும் சபை மறைந்தது இழப்பேயாம்.

அரசு கையாண்ட வழி வேறு. 1996 இல் மழை பொய்த்து மின்வெட்டு நேர்ந்தபோது, மே மாதத்திலே கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளினர். ஒக்டோபரில் அதிற் பாதியைக் குறைத்தனர். 2006 ஏப்ரலிலேயே பழைய நேரம் மீண்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தும், 1942 முதல் 1945 வரை, இவ்வாறே செய்யப்பட்டிருந்தது. மாலை விளக்கிற் சேமித்ததை, இருளில் எழுந்து பள்ளி சென்ற பிள்ளைகள் காலையிற் செலுத்தினர் என்னலாம். 2022 மார்ச் இறுதியில், எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இன்றி, நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின் நின்றது. யார் எதனைக் குறைப்பது என்று வீட்டாரைக் கேட்பார் இலர்.

மாலை 6.30 முதல் 10.30 வரையிலான உச்சவேளைக்குக் கூடிய கட்டணமும், பின்னிரவுக்குக் குறைந்த கட்டணமும் விதிக்கும் முறை, 2015 இல் மும்முனை இணைப்புள்ள வீடுகளுக்கு விருப்பத்தின்பேரில் அளிக்கப்பட்டது. ஒற்றை விளக்குள்ள லயத்துக்கு அஃது எட்டவில்லை.

பின்னர் நிலைமை தலைகீழாயிற்று. 2025 ஏப்ரலிலே, புத்தாண்டு விடுமுறையில் மின்தேவை தாழ்ந்தமையால், கூரைச் சூரியப் பலகைகளைப் பிற்பகல் 3 மணி வரை நிறுத்திவைக்குமாறு மின்சார சபை வேண்டிக்கொண்டது. அவ்வுச்சிவேளையில் மலிவான மின்னிற் சோறாக்க லயத்துக் குடும்பங்களை அழைத்திருப்பின், அணைக்கவேண்டிய பலகைகளின் தொகையேனும் குறைந்திருக்கும்.